கால் நீட்டிப் படுத்த பயணி

அத்தியாயம் 9

மலாக்காவில் காஜா பெராங் தெருச் செட்டி வீடுகளுக்குள் தலை இடிக்காமல் நுழைய இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று, பணிவாகக் குனிய வேண்டும். இல்லாவிட்டால் தியாகுவைப் போல ஐந்தடியோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வயது தியாகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினான்.

"சார், குனிஞ்சு வாங்க. உங்க மண்டை உடைஞ்சா எனக்கு யாரு சம்பளம் கொடுக்கிறது?"

துப்பறிவாளர் கலியாணசுந்தரம் குனியவுமில்லை, நுழையவுமில்லை. வாசலிலேயே நின்று நிலையின் மேல்கட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை நெடுக ஒரு பழைய சேலையைக் கனமாகச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கும்மா?"

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த பாக்கியலட்சுமி அந்தத் துணியை ஒரு தடவை பார்த்தாள். "அவருக்குத்தாங்க. ஆறடி ரெண்டு அங்குலம். பொறந்து வளர்ந்த வீடு, ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவை இடிச்சுக்குவாரு. கல்யாணம் ஆன மறு வாரமே கட்டிட்டேன்."

"அவிழ்க்கலையா?"

"திரும்பி வந்தா இடிக்குமே" என்றாள்.

தியாகுவுக்கு நாக்கு நுனியில் ஏதோ ஒரு கேலி வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

இந்த வழக்கு இதுதான். நாலு மாதத்துக்கு முன், மலாயா சுதந்திரம் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நேரத்தில், ஒரு ரப்பர் கம்பெனியின் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, ராஜரத்தினம் சிங்கப்பூரில் விமானம் ஏறி லண்டன் போனார். சும்மா போகவில்லை, முதல் வகுப்பில் போனார். வெள்ளைக்கார மானேஜர்களே வாயைப் பிளந்த சங்கதி அது. செங் என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடம் இடிந்து விழுந்து மூன்று பெண்கள் செத்திருந்தார்கள். உளுத்த மரத்தைப் போட்டது யார் என்று லண்டன் முதலாளிகளிடம் நேரில் சொல்லத்தான் அந்த டிக்கெட். விமானம் லண்டனில் இறங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. அதோடு சரி. ராஜரத்தினம் முதலாளிகளைப் போய்ப் பார்க்கவே இல்லை. இறங்கின பிறகு ஒரு வரி கடிதமும் இல்லை.

போலீஸ் கோப்பை மூடிவிட்டது. வயது வந்த மனிதன், போன ஊர் பிடித்துப்போயிருக்கும் என்றார்கள். வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று குழாயடியில் பேச்சு. பாக்கியலட்சுமி ஜாசின் தோட்டத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் செட்டி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு மலாய் பேசப் பழகிக்கொண்டவள். கலியாணசுந்தரத்தின் ஆபீஸ் படியேறி வந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செத்துட்டாருன்னா சொல்லுங்க, விட்டுட்டுப் போயிட்டாருன்னாலும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். நடுவுல தொங்க முடியலைங்க."

இன்று போகி. மலாக்கா செட்டிமார் வீடுகளில் போகியன்று செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுச் சோறு படைப்பார்கள். பர்ச்சு என்பார்கள். உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடிக்குமோ அது அவரவர் இலைக்குப் போக வேண்டும். படைத்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். செத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம்.

அடுப்படியில் தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோற்று மணம் ஆளைத் தூக்கியது. தியாகுவின் வயிறு வெட்கமில்லாமல் சத்தம் போட்டது. பாக்கியலட்சுமி ஒரு தட்டில் நாலு அப்பத்தை வைத்துக் கொடுத்தாள். "இது படையலுக்கு இல்ல, சாப்பிடுங்க தம்பி."

அவன் தட்டோடு கொல்லைப்பக்கம் போனான். கிணறு இருந்த இடத்தில் வட்டமாகச் சிமெண்டு மூடி. உட்கார வசதியாக இருந்தது. ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டான்.

"கிணத்த எப்பம்மா மூடினீங்க?" உள்ளிருந்து கலியாணசுந்தரத்தின் குரல் கேட்டது.

"செப்டம்பர்லங்க. கொசு மருந்து அடிக்கிறவங்க மூடச் சொன்னாங்கன்னு கொழுந்தன் மூடிட்டாரு. நான் ஜாசின்ல தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தேன். அவரு புறப்பட்டதக்கூட நான் பார்க்கல. கொழுந்தன்தான் சிங்கப்பூர் வரைக்கும் கூட்டிப் போயி ஏத்திவிட்டாரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் வேலாயுதம் வந்துவிட்டான். அண்ணனைப் போல உயரமில்லை, ஆனால் அதே நீள முகம். கண் குழி விழுந்து, நாலு மாதத்தில் பத்து வயது கூடினவன் மாதிரி இருந்தான். அவன் பேசியது மலாய்தான். அந்த வீடுகளில் தமிழ் சாமி கும்பிடுவதோடு சரி.

"லண்டனில் தேட வேண்டியவரை இங்கே வந்து தேடுகிறீர்களே" என்றான் பணிவாக.

"ஏத்திவிட்டது நீங்கதானே? கையாட்டினாரா?" கலியாணசுந்தரமும் மலாயிலேயே கேட்டார்.

"ஆட்டினார். பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்." சொல்லிவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்த தியாகுவைப் பார்த்தான். "அங்கே உட்காராதீர்கள். பூச்சி வரும்."

"என்னைக் கடிச்சா பூச்சிக்குத்தான் ஆபத்து" என்றான் தியாகு. வேலாயுதம் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது கலியாணசுந்தரம் பாக்கியலட்சுமியிடம் அந்த அஞ்சலட்டையை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார். ராஜரத்தினம் விமானத்திலிருந்து எழுதியதாக வந்த ஒரே அட்டை. "கல்கத்தா தாண்டிவிட்டோம். முதல் வகுப்பு என்றால் ராஜ வாழ்க்கைதான். கூரையிலிருந்து கட்டிலை இறக்கி வெள்ளை விரிப்புப் போடுகிறார்கள். காலை நீட்டிச் சுகமாகத் தூங்கினேன். கோப்பி பிரமாதம், கேட்டுக் கேட்டுக் குடிக்கிறேன். விமானம் குலுங்குவதால் பணிப்பெண்ணை விட்டு எழுதச் சொல்கிறேன்."

"கோப்பின்னா அவருக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"உயிருங்க. ஆனா சீனி ஆகாது. ஒரு கரண்டி சீனி விழுந்துட்டா அந்தக் கிளாஸையே தொட மாட்டாரு. இந்தத் தெருவுலயே சீனி போடாம குடிக்கிறவரு அவரு ஒருத்தர்தான்."

"சரிம்மா. சாயங்காலம் வர்றோம்."

கார் கிளேபாங் பக்கம் ஓடியது. கலியாணசுந்தரம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் கோழியிறகு விட்டுக் காதைக் குடைந்தார். அந்த இறகு வெளியே வந்தால் மனிதர் யோசிக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதிரே லாரி வந்தால் சாமிதான் காப்பாற்ற வேண்டும். தியாகு கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

விமானக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியதற்கு ஒரே வரியில் பதில் வந்திருந்தது: அன்றைய முதல் வகுப்புப் பணியாளர் ஜெயபாலன், கிளேபாங்காரர், பொங்கல் விடுப்பில் ஊரில் இருக்கிறார். ஜெயபாலன் கடலோரத்து வீட்டில் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் நாற்காலி இழுத்துப் போட்ட தோரணையைப் பார்த்தால் உடனே சூப்பு வரும்போல இருந்தது.

"சிங்கப்பூர், பேங்காக், கல்கத்தா, கராச்சி. அதுவரைக்கும்தான் நான். அப்புறம் வேற ஆளுங்க ஏறுவாங்க. லண்டன் போய்ச் சேர ரெண்டு நாள் ஆயிடும் சார். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு முட்டி ரெண்டும் தேஞ்சு போயிடும். முன்னாடி முதல் வகுப்புல எட்டே பேரு. கறியை வண்டியில தள்ளிட்டுப் போயி, அவங்க கண்ணு முன்னாலயே அறுத்துப் போடுவோம்."

"அன்னிக்கு மலாக்காக்காரர் ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறப்பேன்? முதல் வகுப்புல நம்ம ஆளு ஒருத்தர் ஏறினது எனக்கு அதுதான் முதல் தடவை. பெருமையா இருந்துச்சு சார். மலாக்காவானு ஆசையாப் போயி கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. கண்ணுக்குக் கட்டுற கறுப்புத் துணி கொடுப்போம். அதைக் கட்டிக்கிட்டா அவிழ்க்கவே மாட்டாரு."

கலியாணசுந்தரம் ராஜரத்தினத்தின் படத்தை நீட்டினார். ஜெயபாலன் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி, மீசை எல்லாம் சரி. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். நாலு மாசம் ஆச்சு, அவரு முகத்தையே காட்டலையே."

"பாஸ்போர்ட்டப் பார்த்த வெள்ளைக்காரனுக்கு நாம எல்லாருமே ஒரே மூஞ்சிதான்" என்றான் தியாகு.

"கட்டில்ல படுத்தாரா?" கலியாணசுந்தரம் கேட்டார்.

"படுத்தாரா? இறங்கவே இல்ல சார்! சின்னக் கட்டில், அஞ்சே முக்கால் அடிதான். வெள்ளைக்காரனுங்க காலை மடக்கிக்கிட்டு எங்களைத் திட்டுவானுங்க. இவருக்கு மட்டும் அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. கால்மாட்டுல இடம் மிச்சம்னு நானே இன்னொரு தலையணையை எடுத்து முட்டுக் கொடுத்தேன்."

தியாகு சிரிக்க வாயெடுத்தவன், நிலைக்கட்டையில் சுற்றியிருந்த சேலை ஞாபகத்துக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

"கோப்பி?"

"நாலு கட்டி சீனி. ஒவ்வொரு தடவையும் நாலு. மிச்சச் சீனியைப் பொட்டலத்தோட பையில போட்டுக்கிட்டாரு. செருப்பு, கரண்டி, சோப்பு ஒண்ணையும் விடல. பெரிய கம்பெனிக் கிராணியாம்!"

காரில் ஏறியதும் தியாகு கதவைப் பிடித்துக்கொள்ளக்கூட மறந்துபோனான். 

"அந்த ஆளு ராஜரத்தினமே இல்ல, சார்."

"இல்ல. அஞ்சே முக்கால் அடிக் கட்டில்ல ஆறடி ரெண்டு அங்குலத்துக்காரன் காலை நீட்ட முடியாது. ராஜரத்தினம் பேர்ல, ராஜரத்தினம் பாஸ்போர்ட்டுல வேற ஒரு குட்டையான ஆளு லண்டன் போயி இறங்கி, கூட்டத்துல கரைஞ்சுட்டான். ஊரே லண்டன்ல தேடுது. மலாக்காவுல ஒருத்தரும் தேடல. எவ்வளவு சுளுவா முடிச்சிருக்கான் பாரு."

"ஏத்திவிட்டேன், கையாட்டினாருனு வேலாயுதம் சொன்னானே?"

"அதான்டா. நேத்து நான் செங் மரக்கடைக்குப் போனேன். புகைக்கூடம் கட்டின காண்ட்ராக்ட் வேற யாரோ பேர்ல இருக்கு. மரம் எடுத்துக்கிட்டுப் போனது வேலாயுதம். அண்ணன்காரன் லண்டன்ல வாயைத் திறந்திருந்தா தம்பிக்கு ஜெயில்தான்."

தியாகுவுக்குத் திடீரென்று ஒரு நப்பாசை. "சார், கூடப்பிறந்த அண்ணன். கொன்னிருக்க மாட்டான். எங்கேயாவது கிராமத்துக் கம்பத்து வீட்டுல அடைச்சு வெச்சிருப்பான். அப்படித்தானே?"

"இருக்கலாம். பொய் சொன்னான்கிறது மட்டும்தான் நமக்குத் தெரியும். ராஜரத்தினம் உசுரோட இருக்காரா இல்லையானு சொல்ல நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல." அவர் இறகைச் சட்டைப்பையில் வைத்தார். "அந்தப் பொண்ணு கேட்டதும் அதைத்தான்."

இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும் என்று தியாகு வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. படையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை வந்தது. கதவுக்கு முன்னால் வேலாயுதம் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பாக்கியலட்சுமி அடுப்படி வாசலில் களைத்துப்போய் நின்றாள்.

"சாப்பிடுகிறார்கள். சத்தம் போடாதீர்கள்" என்றான் வேலாயுதம்.

கலியாணசுந்தரம் தியாகுவின் காதருகே குனிந்தார். "நான் இவன்கிட்ட பேச்சுக் கொடுக்கிறேன். நீ மூலைக்கடையிலேர்ந்து இன்ஸ்பெக்டர் நடராஜனுக்கு ஒரு போன் போட்டுட்டு, கொல்லை வழியா வா. புதுசா ஏதாவது கண்ணுல பட்டா சொல்லு."

தியாகு போன் செய்துவிட்டுக் கொல்லை வேலியைத் தாண்டிக் குதித்தான். வாழைக்கூட்டத்தில்தான் குதித்தான். வெட்டின மட்டையிலிருந்து பால் சொட்டிச் சட்டையெல்லாம் கறை. சனியனே என்று திட்டிக்கொண்டே மேலே பார்த்தான். இலை அறுத்த மட்டைகள் பச்சையாக நின்றன. சும்மா கை போன போக்கில் எண்ணினான். ஆறு.

உள்ளே வந்து பாக்கியலட்சுமியிடம் கிசுகிசுத்தான். "ஏங்க்கா, உங்க வீட்டுல இன்னிக்கு எத்தனை பேருக்குப் படையல்?"

"அஞ்சு தம்பி. மாமனாரு, மாமியாரு, பெரிய மாமனாரு, சின்ன வயசுல போன நாத்தனாரு, அப்புறம் மாமனாரோட அக்கா. போன வருசம் அவருதான் இலை போட்டாரு. அவரு இல்லாததால இந்த வருசம் கொழுந்தன். நான் தனியா பண்ணிக்கிறேன், நீங்க உள்ள வரவேணாம்னுட்டாரு."

"இலை யாரு அறுத்தா?"

"கொழுந்தன்தான்."

"ஆறு அறுத்திருக்காரே. ஒண்ணு கிழிஞ்சு போச்சா?" கேட்டுவிட்டுத் தியாகு தானே குப்பைக்கூடையைப் பார்த்தான். கிழிந்த இலை எதுவும் இல்லை. தலை நிமிர்ந்தபோது கலியாணசுந்தரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தியாகுவுக்கு உறைத்தது.  சே, ஏன்தான் எண்ணித் தொலைத்தோம் என்று இருந்தது அவனுக்கு.

கலியாணசுந்தரம் எழுந்து கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"திறக்காதீர்கள்!" வேலாயுதம் துள்ளி எழுந்தான். "பாவம் வரும்!"

"வரட்டும்" என்று கதவைத் தள்ளினார்.

சுவரில் ஐந்து படங்கள். கீழே ஐந்து இலைகள் நெருக்கமாக வரிசையாக இருந்தன. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, படம் இல்லாத இடத்தில் ஆறாவது இலை. எல்லா இலையிலும் சோறு, கோழி, மீன், மிளகாய்ச் சம்பால், பக்கத்தில் ஒரு கிளாஸ் கோப்பி. அந்த ஊர் எறும்புக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்குள் ஐந்து கிளாஸ்களின் விளிம்பிலும் வரிசை கட்டி ஏறிவிட்டது. ஆறாவது கிளாஸுக்குப் பக்கத்தில் ஒரு எறும்பு கூட இல்லை.

"அந்த இலை யாருக்கு?" கலியாணசுந்தரம் மலாயில் கேட்டார்.

"பேர் தெரியாத முன்னோருக்கு." வேலாயுதம் இலையைப் பார்க்காமலே சொன்னான். "பழைய வழக்கம்."

"பேர் தெரியாதவருக்குச் சீனி பிடிக்காதுன்னு மட்டும் தெரியுமா?"

பாக்கியலட்சுமி வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் பார்வை எறும்பில்லாத கிளாஸிலேயே நின்றது. "கொழுந்தன் சீனி போடாம ஒரு கிளாஸ் வேணும்னு கேட்டாரு" என்றாள் மெதுவாக. "அவருக்கு வயித்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சு, நான்தான் ஊத்திக் கொடுத்தேன்."

 தியாகுவுக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

"உசுரோட இருக்கிற அண்ணனுக்கு எவனும் பர்ச்சு இலை போட மாட்டான், வேலாயுதம்" என்றார் கலியாணசுந்தரம். "போலீஸை ஏமாத்தின, கம்பெனியை ஏமாத்தின, இந்தப் பொண்ணை ஏமாத்தின. இந்த இலையைப் போடாம இருந்திருந்தா என்னையும் ஏமாத்தியிருப்ப."

வேலாயுதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்படிப் போடாமல் இருப்பேன்?" அவன் அழுதுகொண்டே கத்தினான். "அப்பாவுக்குப் போட்டேன், அம்மாவுக்குப் போட்டேன், என் அண்ணன், என் அபாங் மட்டும் பசியோடு நிற்க வேண்டுமா? என் சொந்த அபாங்! நான் சின்னவனாக இருந்தபோது எனக்குச் சோறு ஊட்டிவிட்டவன்! நாலு மாதமாகத் தினமும் அந்த வாசலில் வந்து நிற்கிறான். குனிந்துகொண்டே நிற்கிறான். நான் எப்படி அவனை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் போடுவேன்?"

மற்றது துண்டு துண்டாக வந்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் வேலாயுதம் அண்ணன் காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறான். மூன்று பெண்கள் செத்திருக்கிறார்கள், நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அண்ணன் பெட்டியைத் தூக்கியிருக்கிறார். வேலாயுதம் கையில் கிடைத்தது உலக்கை. மறுநாள், லண்டனைப் பார்க்க எதையும் செய்யத் தயாராக இருந்த கப்பல் சமையற்காரன் பொன்னுதுரை கண்ணாடி போட்டுக்கொண்டு, மீசை ஒட்டிக்கொண்டு விமானம் ஏறினான். அஞ்சலட்டை எழுதச் சொல்லி, அண்ணனின் கோப்பிப் பைத்தியத்தையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வேலாயுதம் சீனியைச் சொல்ல மறந்துவிட்டான்.

"எங்கே?" என்று மட்டும் கேட்டார் கலியாணசுந்தரம்.

 வேலாயுதத்தின் கண் கொல்லைப்பக்கம் போனது.

தியாகுவும் திரும்பிப் பார்த்தான். வட்டமான சிமெண்டு மூடி. அதன்மேல் அவன் காலையில் வைத்துவிட்டு வந்த அப்பத் தட்டு. காலை ஆட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து தின்றது ஞாபகம் வந்தது.  கேலி பேசிப் பிழைக்கும் அந்த வாயிலிருந்து "ஐயோ, அக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பாக்கியலட்சுமி அழவில்லை. கொழுந்தனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கலியாணசுந்தரத்திடம்தான் கேட்டாள்.

"அப்ப, அவரு பிளேனே ஏறலையா?"

"இல்லம்மா."

"லண்டன்ல யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல."

"என்னெ விட்டுட்டுப் போகல."

"இல்லம்மா. இந்த வீட்டை விட்டே அவரு போகல."

அவள் தலையாட்டினாள். நாலு மாதமாகக் குழாயடிப் பேச்சை எல்லாம் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தே நின்ற தோள்கள் அப்போதுதான் தளர்ந்தன. மெல்லப் படையலறைக்குள் போய் ஆறாவது இலைக்கு முன்னால் மண்டியிட்டாள். அந்த அறைக்குள் அவள் வரவேண்டாம் என்று தடுக்க இப்போது யாரும் இல்லை. இலையில் கோணலாகக் கிடந்த மீனைத் திருப்பி வைத்தாள். கோப்பிக் கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள்.

தெருவில் போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கலியாணசுந்தரம் வேலாயுதத்தின் தோளில் கை வைத்து எழுப்பினார். இருவரும் நிலையைக் கடக்கும்போது, அவ்வளவு உயரமில்லாத வேலாயுதம் அந்தச் சேலைத் துணிக்குக் கீழே ஒடுங்கிக் குனிந்து போனான்.

பாக்கியலட்சுமி கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, எங்க போறீங்க?" என்றான் தியாகு.

"சூடு போயிடுச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு நடந்தாள். "பச்சத் தண்ணி மாதிரி இருந்தா அவரு குடிக்க மாட்டாரு."